‘இல்லை’யும் ‘கண்டறியப்படவில்லை’யும்: ஆர்சனிக் ஆய்வுமுறைகளின் வரலாறு

1. முன்னுரை

ஆய்வகங்களிலிருந்து நீதிமன்றங்களுக்கும் நகராட்சிகளுக்கும் செல்லும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இரண்டு. ஒன்று ‘கண்டறியப்பட்டது’ என்பது. மற்றொன்று ‘கண்டறியப்படவில்லை’ என்பது. படிப்போர் முன்னதற்கு ‘உண்டு’ என்றும் பின்னதற்கு ‘இல்லை’ என்றும் பொருள் கொள்வது வழக்கம். ஆயின், ஒரு பொருள் இல்லாமையும் அது கண்டறியப்படாமையும் ஒன்றல்ல. அதுபோலவே, கண்டறியப்பட்ட பொருள் ஆராயப்பட்ட பண்டத்தில்தான் இருந்தது என்று உடனே கூறிவிடவும் இயலாது. ஆராய்ந்தவர் கையாண்ட அமிலத்திலிருந்தோ உலோகத்திலிருந்தோ அது வந்திருக்கலாம்.

ஆய்வகப் பகுப்பாய்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் நுண்மை வளர்ந்த கதையாகவே அதனை எழுதுகின்றனர். அவ்வளர்ச்சியோடு உடன்வளர்ந்த பிறிதொன்றும் உண்டு. ஆய்வாளர் தம் கருவியையும் தம் வினைப்பொருளையும் தாமே ஐயுற்றுச் சோதிக்கும் ஒழுங்கு அது. இவ்வொழுங்கு ஏட்டறிவினால் மட்டும் உருவானதன்று. பிழைகளின் வழியாகவும், அப்பிழைகளுக்கு மனித உயிர்கள் பணயமான வழக்குகளின் வழியாகவும் உருவாயிற்று. ஆர்சனிக் என்னும் ஒரு தனிமத்தைக் கண்டறியும் முறைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐரோப்பிய நீதிமன்றங்களில் தொடங்கி, இந்தியாவின் வேதியியல் ஆய்வகங்கள் வழியாக, வங்கத்தின் குழாய்க் கிணறுகள் வரை அவ்வரலாறு தொடர்வதால் அத்தனிமம் இங்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது.

2. புலனறிவும் ஒப்பீடும்

தமிழ் மருத்துவ மரபு வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எனப் பெயரிட்டு வழங்கும் பொருள்கள் மூன்றும் ஆர்சனிக்கின் சேர்மங்களே. இவற்றுள் வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்சனிக் ஆக்சைடு மணமற்ற வெண்ணிறத் தூள். மாவிலோ சர்க்கரையிலோ கலந்தால் கண்ணுக்குப் புலப்படாது. அதனை உண்டவர்க்கு வாந்தியும் கழிச்சலும் தோன்றும். வாந்திபேதி முதலிய நோய்களுக்கும் அவையே குறிகள். எனவே நஞ்சூட்டிய கொலை இயற்கைச் சாவாகக் கருதப்பட இடமிருந்தது. பிரான்சில் இந்நஞ்சுக்கு ‘வாரிசுத் தூள்’ என்னும் பொருளுடைய பெயர் வழங்கியதும் இதனாலேயே.

இங்கிலாந்தின் ஹென்லி நகரில் பிரான்சிஸ் பிளாண்டி என்னும் வழக்கறிஞர் 1751இல் இறந்தார். அவர் உண்ட கஞ்சியின் அடியில் வெண்ணிற வண்டல் இருந்ததை வீட்டுப் பணிப்பெண்கள் கண்டு எடுத்து வைத்தனர். அவருடைய மகள் மேரி பிளாண்டி மீது 1752இல் ஆக்ஸ்போர்டில் கொலை வழக்கு நடைபெற்றது. மருத்துவர் அந்தோணி ஆடிங்டன் அவ்வெண்ணிறத் தூளைக் காய்ச்சிய இரும்பின்மேல் இட்டு, எழுந்த வெண்புகையையும் பூண்டு மணத்தையும் குறித்துக்கொண்டார். பின்னர்க் கடையில் வாங்கிய ஆர்சனிக்கையும் அவ்வாறே சோதித்து, இரண்டும் ஒத்திருந்ததாகச் சாட்சி கூறினார். மேரி பிளாண்டி தூக்கிலிடப்பட்டார்.

ஆடிங்டனின் சோதனைகள் இன்றைய நோக்கில் எளியவை. எனினும் அவற்றுள் ஒரு முறையியல் விதை இருந்தது. ஐயத்திற்குரிய பொருளைத் தனியே நோக்காமல், இன்னதென்று முன்பே அறிந்த பொருளோடு அருகருகே வைத்து ஒப்பிட்டார் அவர். இன்றைய ஆய்வகங்கள் ‘ஒப்பீட்டுத் தரம்’ என வைத்திருப்பது இதன் வளர்ந்த வடிவமே. ஆயினும் அவர் ஆராய்ந்தது கஞ்சியில் எஞ்சிய தூளைத்தான். இறந்தவர் உடலில் புகுந்துவிட்ட நஞ்சைக் கண்டறிய அன்று வழியிருக்கவில்லை.

3. மார்ஷ் முறையின் தோற்றம்

அவ்வழியைத் திறந்தவை வேதியியலார் பலரின் தனித்தனிக் கண்டுபிடிப்புகள். சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, ஆர்சனிக் அமிலத்தோடு துத்தநாகம் சேரும்போது பூண்டு மணமுள்ள ஒரு வளிமம் வெளிப்படுவதை 1775இல் கண்டார். ஆர்சனிக் ஆக்சைடைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் குளிர்ந்த பரப்பில் உலோகப் பளபளப்புடைய படலம் படிவதை மெட்ஸ்கர் 1787இல் காட்டினார். பெர்லினில் வாலண்டின் ரோஸ் 1806இல் இறந்தவரின் இரைப்பையிலிருந்தே ஆர்சனிக்கைப் பிரித்தெடுத்தார். மினோர்காத் தீவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓர்ஃபிலா, 1814இல் வெளியிடத் தொடங்கிய நஞ்சுகள் பற்றிய தம் நூலால் நச்சியலைத் தனித் துறையாக்கினார். தூய நீரில் தெளிவாகக் காட்டும் சோதனைகள் காப்பி முதலிய உணவுக் கலவைகளில் தவறிவிடுகின்றன என்பது அவர் கண்ட அடிப்படை உண்மைகளுள் ஒன்று.

அவ்வுண்மை விரைவிலேயே நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பாடில் என்னும் முதியவர், காப்பி அருந்தியபின் இறந்தார். அவருடைய பேரன் குற்றஞ்சாட்டப்பட்டான். வூல்விச் ஆயுதச்சாலையில் வேதியியலாராகப் பணியாற்றிய ஜேம்ஸ் மார்ஷ் காப்பியில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தி, ஆர்சனிக்கிற்கு உரிய மஞ்சள் வீழ்படிவைப் பெற்றார். ஆனால் நீதிமன்றத்தில் காட்டவேண்டிய நாளில் அவ்வீழ்படிவு கெட்டிருந்தது. பேரன் விடுதலை பெற்றான். பின்னாளில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

சான்றாயர் கண்முன் வைத்துக் காட்டக்கூடிய, நாள்பட்டாலும் அழியாத ஒரு சான்று தேவை என மார்ஷ் உணர்ந்தார். 1836இல் அவர் வெளியிட்ட முறை அத்தேவையை நிறைவு செய்தது. ஐயத்திற்குரிய நீர்மத்தில் துத்தநாகமும் அமிலமும் இடப்படும். வெளிப்படும் ஹைட்ரஜன், அங்குள்ள ஆர்சனிக்கோடு சேர்ந்து ஆர்சின் என்னும் வளிமமாக மேலெழும். அவ்வளிமத்தை எரித்து, சுடரின்மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் கருமை கலந்த பளபளப்பான படலம் படியும். ஒரு மில்லிகிராமின் 50இல் ஒரு பங்கு ஆர்சனிக்கையும் இம்முறை காட்டவல்லதாயிருந்தது. ஆண்டிமனி என்னும் தனிமமும் இதையொத்த படலத்தைத் தருமாதலால், இரண்டையும் வேறுபடுத்தும் துணைச் சோதனைகளும் பின்னர் ஏற்பட்டன. ஆர்சனிக் படலம் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் கரையும். ஆண்டிமனிப் படலம் கரையாது.

4. நுண்மை தந்த புதுச் சிக்கல்

கருவி நுண்மையுற்றபோது புதிய சிக்கலொன்று எழுந்தது. கடைகளில் கிடைத்த துத்தநாகத்திலும் கந்தக அமிலத்திலும் சிறிதளவு ஆர்சனிக் கலந்திருப்பது வழக்கம். பழைய சோதனைகள் அதனைக் காட்டுமளவு நுண்மையுடையன அல்ல. மார்ஷ் கருவியோ அதனையும் காட்டிவிடும். எனவே, பீங்கானில் படிந்த படலம் இறந்தவர் உடலிலிருந்து வந்ததா, அமிலப் புட்டியிலிருந்து வந்ததா என்னும் வினா தோன்றிற்று.

1840இல் பிரான்சின் தூல் நகரில் நடைபெற்ற லஃபார்ஜ் வழக்கில் இவ்வினா நாடறிய எழுந்தது. அவ்வாண்டு சனவரியில் இறந்த சார்ல் லஃபார்ஜுக்கு அவர் மனைவி மரி நஞ்சூட்டினார் என்பது குற்றச்சாட்டு. பழைய முறைகளைக் கையாண்ட உள்ளூர் ஆய்வாளர்கள் ஆர்சனிக் உண்டென்றனர். மார்ஷ் முறையைக் கையாண்டோர் உணவுப்பொருள்களில் அதனைக் கண்டனர், உடலில் காணவில்லை. முரண்பட்ட இம்முடிவுகளுக்கிடையே பாரிசிலிருந்து ஓர்ஃபிலா வரவழைக்கப்பட்டார். உடலுறுப்புகளிலிருந்து அவர் சிறிதளவு ஆர்சனிக்கை வெளிக்கொணர்ந்தார்.

ஓர்ஃபிலா அங்குக் கூறிய முடிவின் அமைப்பு நோக்கத்தக்கது. உடலில் ஆர்சனிக் உண்டு என்பதோடு அவர் நிற்கவில்லை. அது தாம் கையாண்ட வினைப்பொருள்களிலிருந்து வந்ததன்று, சவப்பெட்டியைச் சூழ்ந்த மண்ணிலிருந்து வந்ததன்று, மனித உடலில் இயல்பாக இருக்கும் ஆர்சனிக்கும் அன்று என மூன்று மறுப்புகளையும் சேர்த்தே கூறினார். இவற்றுள் முதலாவது, இன்று ‘வெற்றுச் சோதனை’ எனப்படும் முறையைச் சார்ந்தது. ஆய்வுப்பண்டம் இல்லாமல், வினைப்பொருள்களை மட்டும் இட்டு முழுச் சோதனையையும் நடத்திப் பார்ப்பதே வெற்றுச் சோதனையாகும். அதில் படலம் தோன்றவில்லை என்றால்தான் அடுத்துவரும் படலத்திற்குப் பொருளுண்டு.

மூன்றாவது மறுப்பு அத்துணை உறுதியுடையதாக இல்லை. மனித எலும்புகளில் இயல்பாகவே ஆர்சனிக் உண்டென்று சில காலம் முன்னர்க் கூறியவர் ஓர்ஃபிலாவே; பின்னர் அக்கருத்தை அவர் கைவிட்டார். எங்கு நோக்கினும் சிறிதளவு ஆர்சனிக்கைக் காட்டமுடியும், நீதிபதியின் நாற்காலியிலும் காட்டமுடியும் என்பது அவருக்கு எதிர்நின்ற வேதியியலார் ரஸ்பாயின் வாதம். தற்காப்புத் தரப்பினர் அழைத்த ரஸ்பாய் தூல் நகரை அடைவதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. மரி லஃபார்ஜ் ஆயுள் தண்டனை பெற்று 1852இல் விடுவிக்கப்பட்டார், அவ்வாண்டிலேயே இறந்தார். உணவாலும் நீராலும் எல்லா மனித உடல்களிலும் மிகச் சிறிதளவு ஆர்சனிக் இருக்கிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. ஆதலின் ‘உண்டா’ என்னும் வினா மட்டும் போதாது, ‘எவ்வளவு’ என்னும் வினாவும் வேண்டும் என்பதை இவ்வழக்கு முன்னறிவித்தது எனலாம்.

5. ஆய்வாளரின் பிழை

1841இல் ஹூகோ ரைன்ஷ் எளிய முறையொன்றை வெளியிட்டார். ஆய்வு நீர்மத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, அதில் செம்புத் தகட்டை இட்டுக் காய்ச்சினால், ஆர்சனிக் இருப்பின் தகட்டின்மேல் கரும்படலம் படியும். மார்ஷ் கருவியைக் காட்டிலும் கையாள்வதற்கு எளிதாக இருந்தமையால் இம்முறை விரைவில் பரவிற்று.

1859இல் இலண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பாங்ஸ் என்னும் பெண் இறந்த வழக்கில், மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் குற்றஞ்சாட்டப்பட்டார். இங்கிலாந்தின் தலைசிறந்த நச்சியல் வல்லுநராக மதிக்கப்பட்ட ஆல்ஃபிரட் சுவெய்ன் டெய்லர் ரைன்ஷ் முறையால் ஒரு புட்டியைச் சோதித்து, அதில் ஆர்சனிக் உண்டென்று முதலில் கூறினார். பிறகு ஓர் உண்மை வெளிப்பட்டது. அப்புட்டியிலிருந்த பொட்டாசியம் குளோரேட்டு, டெய்லர் இட்ட செம்புக் கம்பிவலையை அரித்துக் கரைத்தது. அச்செம்பிலேயே மாசாகக் கலந்திருந்த ஆர்சனிக்தான் சோதனையில் தோன்றியது. டெய்லர் தம் பிழையை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனினும் ஸ்மெதர்ஸ்டுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. உள்துறை அமைச்சர் வழக்கை அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடியின் கருத்துக்கு விடுத்தார். சான்று போதாதென அவர் கூறவே, கொலைக்குற்றத்திற்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. இருதார மணக் குற்றத்திற்கு ஸ்மெதர்ஸ்ட் தண்டனை பெற்றார்.

செம்பின் தூய்மையைச் சோதிக்க வேண்டும் என்பதை டெய்லர் அறியாதவரல்லர். செம்பு கரையாத நிலையில் அதனுள்ளிருக்கும் மாசு வெளிப்படுவதில்லை. கரையும் நிலையில் மட்டுமே அது வெளிப்படும். ஆகவே வெற்றுச் சோதனை என்பது வினைப்பொருளைத் தனியே சோதிப்பதோடு முடிவதில்லை; ஆய்வுப்பண்டம் உண்டாக்கும் அதே சூழலில் சோதிக்க வேண்டும் என்பதே இவ்வழக்கு கற்பித்த பாடமாகும்.

6. இந்திய ஆய்வகங்களும் பரோடா வழக்கும்

ஐரோப்பாவில் இம்முறைகள் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தியாவிலும் ஆய்வகங்கள் தோன்றின. வேதியியல் ஆய்வாளரின் அலுவலகம் 1849இல் சென்னையிலும், 1853இல் கல்கத்தாவிலும், 1864இல் ஆக்ராவிலும், 1870இல் பம்பாயிலும் அமைந்தது. இன்றைய தடய அறிவியல் துறைகளின் முன்னோடிகள் இவையே. இந்தியாவில் வெள்ளைப் பாஷாணம் கடைத்தெருக்களில் எளிதாகக் கிடைத்தது. மக்களுக்கு மட்டுமன்றி, தோலுக்காகக் கால்நடைகளுக்கும் அது ஊட்டப்பட்டது. நஞ்சுப்பொருள் விற்பனையை ஒழுங்குபடுத்த 1904இலும் 1919இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

பகுப்பாய்வின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய இந்திய நிகழ்ச்சி பரோடாவில் நடந்தது. 1874 நவம்பர் 9ஆம் நாள், பரோடாவின் ஆங்கிலேய ரெசிடெண்டு கர்னல் ஃபேர் தமக்கு வைக்கப்பட்டிருந்த பம்ப்ளிமாஸ் சர்பத்தில் சிறிது அருந்தி, எஞ்சியதைக் கொட்டிவிட்டார். குவளையின் அடியில் வண்டல் தங்கியிருந்ததைப் பின்னர்க் கண்டார். ரெசிடென்சி மருத்துவர் சீவார்டும், பிறகு பம்பாய் அரசின் வேதியியல் பகுப்பாய்வாளர் கிரேயும் அவ்வண்டலை ஆராய்ந்து, ஆர்சனிக்கும் வைரத்தூளும் இருப்பதாகக் கூறினர். பரோடா மன்னர் மல்ஹார்ராவ் கெய்க்வாட் நஞ்சூட்டத் தூண்டினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது.

1875இல் வங்கத் தலைமை நீதிபதி ரிச்சர்டு கௌச் தலைமையில் அறுவர் குழு விசாரித்தது. மூவர் ஆங்கிலேயர், மற்ற மூவர் குவாலியர் மன்னர், ஜெய்ப்பூர் மன்னர், சர் தினகர் ராவ் ஆகியோர். ஆங்கிலேயர் மூவரும் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதெனக் கருதினர். இந்தியர் மூவரும் அதனை ஏற்கவில்லை. குவளையில் நஞ்சிருந்தது என்பதை ஆய்வகம் நிறுவியது. அதை இட்டவர் யார், இடச்செய்தவர் யார் என்பதற்குப் பணியாளர்களின் வாக்குமூலங்களே சான்றாயிருந்தன. கருத்து பிளவுபட்டது அங்குத்தான். இறுதியில் பிரிட்டிஷ் இந்திய அரசு, ஆட்சிச் சீர்கேட்டைக் காரணங்காட்டி மல்ஹார்ராவைப் பதவி நீக்கிச் சென்னைக்கு அனுப்பிற்று. அவர் 1882இல் அங்கேயே இறந்தார். அறிவியல் விடைகூற இயலாத வினாவுக்கு அரசியல் விடை கூறியது எனல் பொருந்தும்.

இந்தியச் சட்டம் ஆய்வகத்தின் எழுத்துக்குத் தனி மதிப்பளித்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு, வேதியியல் ஆய்வாளரின் அறிக்கையைச் சான்றாகக் கொள்ள வழிசெய்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 293ஆம் பிரிவும், 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவும் அதனைத் தொடர்கின்றன. வேண்டுமெனில் நீதிமன்றம் வல்லுநரை அழைத்து விசாரிக்கலாம். அழைக்காதபோது தாளிலுள்ள சொற்களே அவருக்காகப் பேசுகின்றன. எனவே அச்சொற்களின் துல்லியம் உயிருக்கும் விடுதலைக்கும் உரிய செய்தியாகிறது.

7. ‘எவ்வளவு’ என்னும் வினா

1900இல் மான்செஸ்டரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தோர் பலர் கைகால் மரத்தும் தோல் கறுத்தும் நோயுற்றனர். மிகுகுடியால் வந்த நரம்பு நோயென்றே முதலில் கருதப்பட்டது. மருத்துவர் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் ஆர்சனிக்கை ஐயுற்று, அவர்கள் அருந்திய பீரைச் சோதித்து அதனைக் கண்டறிந்தார். பீர் காய்ச்சுவதற்கான குளுக்கோசு தயாரிப்பில், இரும்புப் பைரைட்டிலிருந்து எடுத்த தூய்மையற்ற கந்தக அமிலம் கையாளப்பட்டிருந்தது. ஏறத்தாழ 6000 பேர் நோயுற்றனர். சுமார் 70 பேர் இறந்தனர். அமிலத்தில் கலந்திருந்து ஆய்வகங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுசென்ற அதே மாசு, இங்குக் குடிமக்களின் உடலுக்குள் சென்றது.

கெல்வின் பிரபு தலைமையில் அமைந்த ஆணையம் 1903இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. நீர்மங்களில் ஒரு காலனுக்கு ஒரு கிரெயினில் 100இல் ஒரு பங்கு என அது வரம்பு வகுத்தது. நஞ்சு உண்டா, இல்லையா என்னும் குற்றவியல் நோக்கு, எவ்வளவு வரை பொறுக்கத்தக்கது என்னும் பொதுநல நோக்காக மாறியதை இங்குக் காண்கிறோம்.

8. வங்கத்தின் கிணறுகள்

மேற்பரப்பு நீரால் பரவும் வயிற்று நோய்களைத் தவிர்க்க வங்கத்தின் இரு பகுதிகளிலும் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அந்நீர் தெளிவாக இருந்தது, கிருமிகள் குறைந்தன. இமயமலையிலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலின் இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருந்த ஆர்சனிக், நிலத்தடியில் நுண்ணுயிர்களின் செயலால் விடுபட்டு நீரில் கலந்திருந்ததை எவரும் உணரவில்லை. 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த நோயாளிகளின் தோற்குறிகளைக் கண்டு இது ஆர்சனிக் நஞ்சே என்றார்.

பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் 1992இல் வங்காள தேசத்தின் ஒரு பகுதியில் நிலத்தடி நீரைப் பல தனிமங்களுக்காகச் சோதித்தது. ஆர்சனிக் அச்சோதனைப் பட்டியலில் இல்லை. இது தொடர்பாக இங்கிலாந்தில் தொடுக்கப்பட்ட வழக்கை, நிறுவனத்திற்கு அத்தகைய கடப்பாடு இல்லையெனப் பிரபுக்கள் அவை 2006இல் தள்ளிற்று. சட்டத்தின் முடிவு அதுவாயினும், முறையியல் சார்ந்த வினா எஞ்சிநிற்கிறது. ஓர் அறிக்கையில் ஒரு நஞ்சின் பெயர் இல்லாதபோது, படிப்பவர் அதனை ‘நஞ்சில்லை’ என எடுத்துக்கொள்ளும் இடர் எப்போதும் உண்டு. அந்நிறுவனம் வங்காள தேச அரசுடன் சேர்ந்து பின்னர் 3534 கிணறுகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவின்படி, ஆழங்குறைந்த கிணறுகளுள் 27 விழுக்காட்டில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 1993இல் இவ்வரம்பை லிட்டருக்கு 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. மார்ஷ் கருவி காட்டவல்ல மிகக் குறைந்த அளவு, இவ்வரம்பிலுள்ள நீரில் இரண்டு லிட்டரில் அடங்கியுள்ள ஆர்சனிக்கிற்குச் சமம். ஒரு காலத்தில் கொலையை வெளிப்படுத்தும் நுண்மையாக இருந்தது, இன்று ஒருவர் நாள்தோறும் பருகும் நீரின் அளவுகோலாகியுள்ளது. சிற்றூர்களில் கையாளப்படும் சோதனைப் பெட்டிகளும் மார்ஷின் வேதியியலையே பின்பற்றுகின்றன. துத்தநாகமும் அமிலமும் ஆர்சினை வெளிப்படுத்தும். மெர்க்குரிக் புரோமைடு தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். அணு உறிஞ்சல் நிறமாலைமானியோடு இணைந்த இன்றைய ஹைட்ரைடு முறையும் ஆர்சினையே அளக்கிறது. ஆயினும், தாளின் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது வரம்பை ஒட்டிய அளவுகளில் தவறு நேர்கிறது. அத்தவற்றால் நச்சுக் கிணறு பச்சை வண்ணமும் நல்ல கிணறு சிவப்பு வண்ணமும் பெறக்கூடும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஆய்வுமுறையின் வளர்ச்சி கருவியின் நுண்மையை மட்டும் சார்ந்ததன்று. நுண்மை கூடக்கூட மாசு பற்றிய ஐயமும் கூடுகிறது. வெற்றுச் சோதனையும் ஒப்பீட்டுத் தரமும் அவ்வைய உணர்வை நடைமுறையாக்கியவை.

இரண்டாவதாக, ஆய்வகம் விடைகூறும் வினாக்கள் வரையறுக்கப்பட்டவை. குவளையில் என்ன இருந்தது என அது கூறும். அதை இட்டவரின் கையையோ உள்ளத்தையோ அது காட்டாது.

மூன்றாவதாக, அறிக்கையின் மொழி அறிவியலின் ஒரு பகுதியே. ‘இல்லை’, ‘கண்டறியப்படவில்லை’, ‘ஆராயப்படவில்லை’ என்னும் மூன்றும் தமிழில் தனித்தனிப் பொருளுடையவை. எந்த முறையால், எந்த அளவு வரை காணக்கூடிய கருவியால் ஆராயப்பட்டது என்பதைச் சேர்த்துக் கூறாமல் ‘இல்லை’ என எழுதுவது, ஆய்வாளர் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறுவதாகும். ஆய்வக அறிக்கைகளையும் பாடநூல்களையும் தமிழில் ஆக்குவோர் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடாமல் காப்பது கடமை. டெய்லரின் பிழையால் ஒருவர் தூக்குமேடை வரை சென்று மீண்டார். ஆராயப்படாத கிணற்று நீரை நல்ல நீரென்று நம்பிப் பருகியோர் மிகப் பலர். அவர்களுள் எல்லோரும் மீளவில்லை.